டாக்டரிடம் ‘மீன் முள்ளு குத்திருச்சு’ என்று சொன்னேன்

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைப் பக்கம் எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதிருந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் தூண்டில் போடுகிறவன் நான். மூங்கில் குச்சி, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, மண்புழு, இல்லையென்றால் கோதுமை மாவு உருண்டை. ஜிலேபி, கெண்டை, மழைக்காலமானால் கெளுத்தி. கெளுத்திக்கு இரண்டு பக்கமும் முள், முதுகில் ஒரு முள் என்பதும், அந்த முட்களுக்குப் பின்னால் விரலைக் கொடுத்துக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தால் அது ஒன்றும் செய்யாது என்பதும் எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் இடது கை இன்றைக்கு இப்படி இருப்பதற்கு அந்தத் தெரிதல்தான் காரணம்.

கடலில் தூண்டில் போட வேண்டும் என்ற ஆசை எப்படி வந்தது என்றால், ஆழியாற்றால் வந்தது. எங்கள் ஊரைத் தாண்டி ஓடுகிற தண்ணீர் மேற்கே போய்ப் பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடலுக்குள் விழுகிறது. நம் ஆறு முடிகிற இடத்தில் போய் ஒரு தடவை தூண்டில் போட்டால் என்ன என்று ரொம்ப நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பாலக்காடு, ஒற்றப்பாலம், பட்டாம்பி, குற்றிப்புரம் வழியாகப் போனால் 140 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட வரும். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு கடற்கரையில். அங்கே ஆறு கடலில் சேரும் வாயில், மணல் மூடாமல் இருக்கப் பெரிய பெரிய பாறைகளைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டமாக அணை போட்டிருப்பார்கள். மலையாளத்தில் அதற்குப் புலிமுட்டு என்று பேர். புலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

சாமான் வாங்கக் கோயம்புத்தூர் போனேன். கடைக்காரர், “கடலுக்குங்களா, டேமுக்குங்களா?” என்று கேட்டார். “ரெண்டுக்கும் ஆகற மாதிரி குடுங்க” என்றேன். இரண்டுக்கும் ஆகிற சாமான் என்று ஒன்று கிடையாது, அது அப்போது தெரியாது. ராடு 3,200, ரீல் 2,900, பின்னல் நூல் 1,350, மீன் மாதிரி செய்த போலி இரையான லூர் ஆறு, ஒன்று 350 வீதம் 2,100, ஈயக்குண்டு, தூண்டில் முள், சில்லறைச் சாமான் 650. மொத்தம் 10,200 ரூபாய். இத்தனையும் வாங்கியவன், முள்ளைக் கழற்றுகிற நீள மூக்குக் குறடு 250 ரூபாய் என்றதும் “அது வேண்டாங்க, கையிலயே எடுத்துக்கலாம்” என்று வைத்துவிட்டு வந்தேன். நார் மில்லில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவன் நான். மில்லில் என்னிடம் ஏழு குறடு இருக்கிறது. ஒன்றைப் பையில் போடக்கூடத் தோன்றவில்லை.

அந்த வருடம் பொங்கலை ஒட்டியே தை அமாவாசை வந்தது. அமாவாசைக்கு முந்தின நாள் கிளம்பினேன். கூட வருகிறேன் என்று சொன்ன நண்பன் கடைசி நேரத்தில் மாமனார் வீட்டு விசேஷம் என்று கழன்றுகொண்டான். “அமாவாசையும் அதுவுமா ஏஞ்சாமி மீனு புடிக்கப் போறே?” என்று அம்மா கேட்டாள். விடிவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். தனியாகப் போகாதீர்கள் என்று யார் சொன்னாலும் சலிப்பாகத்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரி பக்கத்தில் ஒரு ஆள் நின்று டார்ச் பிடித்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

சாயங்காலம் ஐந்தரைக்குப் புலிமுட்டின் நுனிப் பக்கமாக ஒரு இடம் பிடித்தேன். கடல் அமைதியாக இருந்தது. தண்ணீர் நன்றாக வற்றிக் கிடந்தது. மேலே நின்று வீசுவதைவிடக் கீழே இறங்கினால் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கலாமே என்று நாலு கல் கீழே இறங்கிப் பையை வைத்தேன். நான் நின்ற கல் கறுப்பாக, கொஞ்சம் பாசி பிடித்து இருந்தது. மேலே இருந்த கற்கள் வெளுத்துக் காய்ந்து கிடந்தன. எங்கள் பக்கத்து டேமில் தண்ணீர் இறங்கினால் வாரக் கணக்கில் இறங்கும், ஏறினால் மழை பெய்தால்தான் ஏறும். கடலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏற்றமும் வற்றமும் மாறும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அந்த வித்தியாசம் மிகுதியாக இருக்கும், நேரமும் தினம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படித்ததைக் காலுக்குக் கீழே பார்த்தது அன்றைக்குத்தான். கறுத்த கல் என்றால் அங்கே தண்ணீர் வரும் என்று அர்த்தம். போனவுடன் தூண்டிலைப் பிரிக்காமல் இருபது நிமிடம் சும்மா நின்று அலை எது வரைக்கும் வருகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு மேலே காய்ந்த கல்லாகப் பார்த்து நில்லுங்கள். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். போகிற நாளுக்கான ஏற்றவற்ற நேரமும் செல்போனிலேயே பார்க்கக் கிடைக்கிறது.

முதல் ஒரு மணி நேரத்தில் ஆறு லூரில் நாலு போய்விட்டது. 1,400 ரூபாய். மீன் ஒன்றும் இழுக்கவில்லை, பாறை இடுக்கு இழுத்துக்கொண்டது. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன்கள் இருவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவர்கள் செய்வதைக் காட்டினார்கள். ஈயக்குண்டை முக்கிய நூலில் நேராகக் கட்டாமல், அதைவிட மெலிந்த ஒரு நூல் துண்டில் தொங்கவிடுகிறார்கள். குண்டு பாறையில் மாட்டினால் மெலிந்த துண்டு மட்டும் அறுந்து, முள்ளும் மீனும் கைக்கு வந்துவிடும். பத்து ரூபாய்க் குண்டோடு நஷ்டம் முடிந்துபோகும். என் கோதுமை மாவு உருண்டையையும் அவர்கள் பார்த்தார்கள். வீசின வேகத்திலேயே அது கழன்று தனியாகப் பறந்தது. அதற்கு மேல் அவர்கள் சிரிக்கவில்லை, பாவம் என்று நினைத்திருப்பார்கள். வெட்டின மத்தித் துண்டு கொஞ்சம் கொடுத்துவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பிப் போனார்கள். அந்தப் பக்கம் நான் மட்டும்தான் மிச்சம்.

எட்டு மணிக்கு மேல் மத்தித் துண்டுக்கு ஒரு இழுப்பு வந்தது. ராடு வளைந்து நின்றபோது வந்த சந்தோஷத்தை மறைப்பதற்கில்லை. பத்து நிமிடம் போராடிக் கல்லின் மேல் தூக்கிப் போட்டேன். நெற்றியில் மாட்டுகிற லைட் இல்லை. செல்போன் டார்ச்சைப் போட்டுப் போனைப் பல்லில் கவ்விக்கொண்டு பார்த்தால், மீசை. நம்ம கெளுத்தி! நம் கெளுத்தி உள்ளங்கை நீளம் என்றால் இது முழங்கை நீளம். கடலுக்கு வந்தும் நம்ம ஊர் மீனே மாட்டுகிறதே என்று ஒரு நிமிடம் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. வலது கையில் ராடு. இடது கையை ஊரில் கொடுப்பது மாதிரி பக்க முட்களுக்குப் பின்னால் கொடுத்துக் கழுத்தைப் பிடித்தேன். அவ்வளவு தடித்த மீனுக்கு என் விரல்கள் சுற்றி எட்டவில்லை. அது ஒரு திருகு திருகியது. பக்க முள் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதையில் இறங்கியது.

மீன் என் கையில் தொங்கியது. முள்ளில் ரம்பம் மாதிரிப் பல், அதுவும் பின்பக்கமாகச் சாய்ந்த பல். உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், வெளியே வரும்போது கிழித்துக்கொண்டு வரும். கத்தினேன். வாயில் இருந்த போன் விழுந்தது. காலால் மீனை அமுக்கிக் கையை இழுத்தேன். தோப்பில் வளர்ந்தவனுக்குத் தேள் கொட்டுவது புதிது கிடையாது, மூன்று தடவை வாங்கியிருக்கிறேன். இந்த வலியை அதோடு சேர்க்கவே முடியாது. மணிக்கட்டு, முழங்கை, அக்குள் என்று ஏறி ஏறிப் போனது. வியர்த்துக் கொட்டி, கல்லிலேயே வாந்தி எடுத்தேன்.

போன் இரண்டு பாறைக்கு நடுவில் ஆள் உயரத்துக்குக் கீழே கிடந்தது. டார்ச் அணையவில்லை. இடுக்குக்குள்ளிருந்து வெளிச்சம் மேலே வந்துகொண்டிருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. அப்போது போன் அடித்தது. அந்த நேரத்துக்கு அழைப்பது என் மனைவிதான். அடித்து முடித்து, திரும்ப அடித்தது. நான் குத்த வைத்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பை வைத்திருந்த கல்லில் அலை ஏறிப் பையை நனைத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் போனும் முங்கிவிடும் என்று புரிந்தது. 14,000 ரூபாய்ப் போன். விட்டுவிட்டு ஏறினேன்.

அந்த நேரத்தில் நான் செய்தது எல்லாமே தப்பு. மணிக்கட்டில் கர்ச்சீப்பை இறுக்கிக் கட்டினேன், பாம்புக் கடிக்குச் செய்வது மாதிரி. பாம்புக் கடிக்கே அது கூடாது என்று இப்போது சொல்கிறார்கள். வாயை வைத்து உறிஞ்சித் துப்பினேன். வலி குறையுமென்று குளிர்ந்த கடல் தண்ணீரில் கையை முக்கினேன். அப்படியே இருட்டில், ஈரச் செருப்போடு, ஒரு கையில் ராடைப் பிடித்துக்கொண்டு பாறைகள் மேல் உட்கார்ந்தும் தவழ்ந்தும் கரைக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது.

கரையில் ஒரு டீக்கடை மூடுகிற நேரம். கடைக்காரர் என் கையைப் பார்த்ததும், “ஏட்ட குத்தியோ?” என்றார். கடல் கெளுத்திக்கு அங்கே ஏட்ட என்று பேர். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதலில் கர்ச்சீப்பை அவிழ்த்தார். என் விரலில் இருந்த மோதிரத்தைச் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றினார். வீங்கின பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்குமாம். அப்புறம் பாய்லரில் இருந்த வெந்நீரை ஒரு வாளியில் பிடித்துப் பச்சைத் தண்ணீர் கலந்து, தன் முழங்கையை விட்டுப் பார்த்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி. என்னை என் வலது கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். நல்ல கைக்குப் பொறுக்கிற சூடுதான் கணக்கு, குத்துப்பட்ட கைக்குச் சூடே தெரியாது, வெந்துபோகும். ஆறிப் போகப் போக வெந்நீர் சேர்த்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் அக்குள் வலி இறங்கியது. ஒரு மணி நேரத்தில் என்னால் டீ குடிக்க முடிந்தது.

பின்னால் கோயம்புத்தூர் டாக்டர் இதற்குக் காரணம் சொன்னார். அந்த முள்ளைச் சுற்றி ஒரு தோல் உறை இருக்கிறது, குத்தும்போது உறை கிழிந்து விஷம் காயத்தில் இறங்குகிறது, அந்த விஷம் புரதம், சூட்டுக்குத் தாங்காது. 45 டிகிரியை ஒட்டின வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வேகம் போய்விடும். திருக்கை வால் முள்ளுக்கும் இதேதான் முதலுதவி. செத்த மீனின் முள்ளும் குத்தும் என்பதையும் அவர்தான் சொன்னார். மூச்சு முட்டினாலோ நெஞ்சை அடைத்தாலோ வெந்நீர் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே 108தான். ஆள் தண்ணீரில் விழுந்தால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093. இந்த எண்கள் எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போன் இல்லை.

அதைவிட வெட்கமான விஷயம் ஒன்று. டீக்கடைக்காரர் தன் போனை நீட்டி, வீட்டுக்குப் பேசு என்றார். எனக்கு என் மனைவியின் நம்பர் தெரியவில்லை. கல்யாணம் ஆகிப் பதினொரு வருடம். தெரிந்த ஒரே நம்பர் எங்கள் மில் ஆபீஸ் நம்பர், அதுவும் லோடு பில்லில் தினம் பார்ப்பதால். வாட்ச்மேன் எடுத்தார். அவர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேதி சொல்லும்போது மணி பதினொன்று. அங்கே என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது என் பர்ஸில் ஒரு அட்டையில் நாலு நம்பர் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போ என்று அவர் எவ்வளவோ சொன்னார். வலி குறைந்துவிட்டதே என்று நான் போகவில்லை. காரிலேயே படுத்து, நாலு மணிக்குக் கிளம்பி, கியர் மாற்ற வேண்டிய இடங்களில் எல்லாம் வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் மாற்றி மாற்றி, அமாவாசைப் படையலுக்கு வீடு வந்து சேர்ந்தேன்.

மூன்றாம் நாள் கை வீங்கிச் சிவந்தது. பக்கத்து டவுன் கிளினிக்குக்குப் போனேன். என்ன ஆச்சு என்று கேட்டார்கள். “மீன் முள்ளு குத்திருச்சுங்க” என்றேன். எங்கள் பக்கத்தில் மீன் முள் குத்தியது என்றால் என்ன அர்த்தம்? ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவும்போது குத்தியது என்று அர்த்தம். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். டி.டி. ஊசி, ஐந்து நாள் மாத்திரை, 850 ரூபாய். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடல், உயிர் மீன், விஷ முள், ஆழமாக இறங்கியது, இதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. மலை ஓரத்து ஊரில் உட்கார்ந்திருக்கிற டாக்டருக்குக் கடல் எப்படித் தோன்றும்?

எட்டாம் நாள் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் முழுக் கதையும் சொன்னேன். உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் கட்டைவிரல் எலும்புக்குப் பக்கத்தில் நெல் அளவுக்கு வெள்ளையாக ஒரு துணுக்கு. முள்ளின் நுனி ஒடிந்து உள்ளேயே இருந்திருக்கிறது. கடல் தண்ணீரில் விப்ரியோ மாதிரிக் கிருமிகள் உண்டு, வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரை அதற்கு எடுபடாமல் போகலாம், அதனால்தான் எந்தத் தண்ணீர் என்று சொல்வது முக்கியம் என்றார் டாக்டர். “சுகர் இருக்குங்களா, கல்லீரல் பிரச்சினை ஏதாவது?” என்று மூன்று தடவை கேட்டார். இருக்கிறவர்களுக்கு இந்தக் கிருமி உயிருக்கே வினையாகும் என்பதால். நல்ல வேளை, எனக்கு இரண்டும் இல்லை. கீறி எடுத்தார்கள். துணுக்கைச் சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள், வீட்டில் இருக்கிறது.

கணக்கு இதுதான். சாமான் 10,200, போன் 14,000, கிளினிக் 850, அறுவை, எக்ஸ்ரே, மருந்து எல்லாம் சேர்த்து 23,600, பெட்ரோல் 2,000, வேலைக்குப் போகாத 18 நாள் கூலி நாள் 700 வீதம் 12,600. மொத்தம் 63,250 ரூபாய். மீனையும் கொண்டுவரவில்லை. கட்டைவிரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை, ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தால் சாயங்காலம் வலிக்கும்.

திரும்பப் போனாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஐப்பசியில் போனேன், நண்பனோடு. நெற்றி லைட், அடிப்பிடிப்புள்ள ஷூ, ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், பிளாஸ்கில் கொதிக்கிற தண்ணீர், மில்லில் இருந்து எடுத்த நீள மூக்குக் குறடு. மீசை உள்ள மீன் வந்தால் தொடுவதே இல்லை. தரையில் கிடத்தித் தூண்டில் முள்ளைக் குறடால் திருகுவது, வரவில்லையென்றால் நூலை வெட்டிவிடுவது, ஐந்து ரூபாய் முள் போனால் போகட்டும். செருப்புக் காலால் மிதிப்பதும் கிடையாது, மீனின் முள் ரப்பரைத் துளைத்துக்கொண்டு வரும். கிளம்புவதற்கு முன்னால் ஐதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸின் அலை எச்சரிக்கையையும் பார்க்கிறோம். காற்றே இல்லாத நாளில், எங்கோ தெற்குக் கடலில் அடித்த புயலின் அலை இங்கே வந்து கரையில் ஏறுவதைக் கேரளத்து மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். அந்தப் பேரை 2012ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. சித்திரை வைகாசியில் அது அடிக்கடி வரும், பாறை மேல் நிற்கிறவனுக்கு முன்கூட்டி ஒரு அடையாளமும் காட்டாது.

ரீலைப் பற்றிச் சொல்ல மறந்தேன். கடலில் போட்ட ரீலை அன்றைக்கே நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துடைத்து, நிழலில் உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். என்னுடையது மூன்று வாரம் உப்போடு கார் டிக்கியிலேயே கிடந்தது. கட்டுப் பிரித்த பிறகு எடுத்துப் பார்த்தால் கைப்பிடி சுற்றவே இல்லை. உள்ளே பேரிங் துருப்பிடித்துக் கட்டியாகியிருந்தது. அதில் இருந்த பின்னல் நூலை மட்டும் என் மனைவி உருவி எடுத்து அவரைப் பந்தல் கட்டியிருக்கிறாள். வெயிலுக்கும் மழைக்கும் அசையவில்லையாம், 1,350 ரூபாய் நூல் என்றால் சும்மாவா என்கிறாள்.